பாதி வோல்ட்டேஜில் ஓடும் பவர் சப்ளை

டிரான்ஸ்பார்மர் கம்பத்தின் மேல் இருக்கும் மூன்று எச்.ஜி. ஃபியூஸ்களில் ஒன்று போனால் கரண்ட் முழுதாகப் போவதில்லை. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. 11,000 வோல்ட் பக்கம் டெல்டாவாகவும் 433 வோல்ட் பக்கம் ஸ்டாராகவும் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் மேல் பக்கத்து ஃபேஸ் ஒன்று அறுந்தால், மூன்று சுருள்களில் ஒன்றுக்கு மட்டும் முழு அழுத்தம் கிடைக்கும். மற்ற இரண்டும் தொடர் இணைப்பாக மாறி, அதே அழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். கீழே பட்டறையில் ஒரு ஃபேஸில் 240 வோல்ட், மற்ற இரண்டிலும் சுமார் 120. ட்யூப்லைட் சிமிட்டும், மின்விசிறி ஊரும், "ரெண்டு ஃபேஸ் டிம்" என்று லைன்மேனுக்குப் போன் போகும். அவர் வந்து ஃபியூஸ் கம்பி கட்டும்வரை அரை மணியும் ஆகலாம், மூன்று மணியும் ஆகலாம். கவரைப்பேட்டையிலோ காக்களூரிலோ சிறுதொழில் நடத்துகிற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கன்ட்ரோல் பேனலுக்குள் நடப்பதைத்தான் விளக்க வேண்டும். மோட்டார் முனகி நிற்கிறது, கான்டாக்டர் விழுகிறது, 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் பச்சை விளக்கை எரியவிட்டபடி ஓடிக்கொண்டே இருக்கிறது. 85 முதல் 265 வோல்ட் வரை ஓடும் என்று அதன் முகப்பில் அச்சிட்டிருப்பதால், அது ஓடுவதைக் குறை என்று யாரும் நினைப்பதில்லை. அது குறைதான் என்பதும், அதைத் தடுக்க வேண்டிய பிரவுன்அவுட் பாதுகாப்பு வோல்ட்டேஜை மட்டும் அளந்து முடிவெடுக்கக் கூடாது, நேரத்தையும் அளக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அடிப்படைக் குணத்திலிருந்து தொடங்குவோம். குண்டு பல்புக்கு வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும். ஸ்விட்சிங் பவர் சப்ளை நேர் எதிர்: வெளியே 24 வோல்ட் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, உள்ளே வோல்ட்டேஜ் குறையக் குறைய அது கூடுதல் கரண்டை இழுக்கும். 240 வாட் தரும் ஒரு சப்ளை 88 சதவீதத் திறனில் ஓடினால் உள்ளே சுமார் 273 வாட் எடுக்கும். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ளதென்றால் 230 வோல்ட்டில் இது 1.2 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 120 வோல்ட்டில், திறனும் கொஞ்சம் சரிவதால், 2.3 ஆம்பியரைத் தாண்டும். கரண்ட் இரு மடங்கு என்றால் சுருளிலும் கம்பியிலும் வெப்பம் நான்கு மடங்கு. திருத்தச் சுற்றின் ட்ரான்சிஸ்டர் நிலை இன்னும் மோசம். உள்ளே வரும் அலையின் உச்சம் 325 வோல்ட்டாக இருக்கும்போது அதை 390-க்கு உயர்த்த ஒவ்வொரு சுழற்சியிலும் ஆறில் ஒரு பங்கு நேரம் ட்ரான்சிஸ்டர் திறந்திருந்தால் போதும். உச்சம் 170 ஆகிவிட்டால் பாதிக்கும் மேற்பட்ட நேரம் திறந்திருக்க வேண்டும். இரட்டைக் கரண்டை மும்மடங்கு நேரம் சுமக்கிறது. மே மாத நண்பகலில் தகரக் கூரையின் கீழ், மூடிய பேனலுக்குள் இது நடக்கிறது. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. அன்றைக்கே எதுவும் வெடிக்காது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் சப்ளை எழாது. அதற்குள் அந்த "ரெண்டு ஃபேஸ் டிம்" நாள் எல்லோருக்கும் மறந்திருக்கும், பழி சப்ளை செய்த கம்பெனியின் தரத்தின் மேல் விழும்.

இந்தக் குணத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. பாடப்புத்தகங்கள் இதை அதிகம் பேசுவதில்லை. ஃபியூஸ் போன டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்கள் தொடரில் நிற்கின்றன என்றேன். இரண்டு ஃபேஸிலும் சுமை ஒன்றாக இருந்தால்தான் ஆளுக்குப் பாதி. ஒரு ஃபேஸில் சுமை கூடினால் அதன் வோல்ட்டேஜ் குறையும், மற்றது ஏறும். குறைந்த ஃபேஸில் எஸ்.எம்.பி.எஸ். சுமைகள் இருந்தால் அவை இன்னும் அதிகக் கரண்டை இழுத்து, அந்த ஃபேஸை மேலும் அமிழ்த்தும். பல்பும் ஹீட்டரும் இருந்த காலத்தில் சமநிலை தானாக ஓரளவு நின்றது. இன்று பட்டறைச் சுமையில் டிரைவும் எல்.இ.டி.யும் சார்ஜரும் ஏற ஏற, பாதி என்று எதிர்பார்த்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கும் வரலாம். ஆகவே குறைந்த வோல்ட்டேஜில் பிடிவாதமாக ஓடும் சப்ளை தன்னைக் கெடுத்துக்கொள்வதோடு, அதே ஃபேஸில் இருக்கும் மற்றவற்றையும் கீழே இழுக்கிறது.

பல மலிவான வடிவமைப்புகள் இதற்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் வைப்பதில்லை, கன்ட்ரோல் ஐ.சி.யிலேயே இருக்கிறது என்று சொல்லிவிடுகின்றன. யு.சி.3842 வகை ஐ.சி. 16 வோல்ட்டில் விழிக்கும், 10 வோல்ட்டுக்குக் கீழே உறங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த 16-ம் 10-ம் ஐ.சி.யின் சொந்த உணவுக்கான அளவுகள். விழித்த பிறகு அதற்கு உணவூட்டுவது டிரான்ஸ்பார்மரின் துணைச் சுருள். வெளியீடு சீராக இருக்கும்வரை அந்தச் சுருளும் சீராகவே இருக்கும். வீதியில் 230 இருந்தாலும் 100 இருந்தாலும் ஐ.சி.க்குத் தெரியவே தெரியாது. வெளியீடு சரியத் தொடங்கிய பிறகுதான், அதாவது எல்லாம் கைமீறிய பிறகுதான், அதற்குத் தெரியவரும். பின்பு உறங்கும், சுமை விலகியதால் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி விழிக்கும், மறுபடி சரியும். விநாடிக்குச் சில முறை நடக்கும் இந்த விக்கல், சீராகக் குறைந்த வோல்ட்டேஜில் ஓடுவதைவிடவும் கொடியது. ஐ.சி.யின் உணவைக் கண்காணிப்பதும் வீதியின் வோல்ட்டேஜைக் கண்காணிப்பதும் வேறு வேறு வேலை. இரண்டாவதற்குத் தனி உணர்வுக் கம்பி ஒன்று உள்ளீட்டிலிருந்து வந்தே ஆக வேண்டும்.

அந்தக் கம்பி எதைப் பார்க்கப் போகிறது என்பது ஊரைப் பொறுத்தது. அதிர்வெண் நாட்டுக்கே பொது. 2003 ஜனவரியில் தென் மண்டலத்துக்கு வந்த ஏ.பி.டி. கட்டண முறையும், 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் வழியாகத் தென் கட்டமைப்பு மற்ற நான்கு மண்டலங்களுடன் இணைந்ததும் அதிர்வெண்ணை நிலைப்படுத்தின. வோல்ட்டேஜ் அப்படியல்ல, அது தெருவுக்குத் தெரு மாறும். வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரு நிலைகளும் வல்லூர் நிலையமும் சேர்ந்து 3,000 மெகாவாட்டுக்கும் மேல் திறன் கொண்டவை, திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன. உற்பத்தி அருகில் இருப்பதால் ஃபீடரின் கடைசிக் கம்பத்தில் வோல்ட்டேஜ் வந்துவிடாது. அங்கே அதைத் தீர்மானிப்பது கடைசி அரை கிலோமீட்டர் அலுமினியக் கம்பி. கிலோமீட்டருக்கு அரை ஓமுக்குச் சற்று மேல் தடை உள்ள கம்பியின் முடிவில் 30 எச்.பி. கம்ப்ரசர் ஒன்றை நேரடி ஸ்டார்ட்டரில் எழுப்பினால், தொடக்கக் கரண்ட் 240 ஆம்பியர் அளவுக்குப் போகும். கம்பியின் தூண்டல் மறிப்பையும் கோண வேறுபாட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஃபேஸுக்கு 50 வோல்ட்டுக்கு மேல் விழுகிறது. மாலையில் ஏற்கெனவே 200-ல் இருக்கும் இடத்தில் அது 150. மூன்று, நான்கு விநாடிகளில் மோட்டார் வேகம் பிடித்ததும் திரும்பிவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் நிலை வேறு. அங்கே ஸ்டீல் உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்களும் ரோலிங் மில்களும் நெருங்கி நிற்கின்றன. ஃபர்னஸின் ரெக்டிஃபையர்கள் இழுக்கும் கரண்டில் ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக்குகள் நிறைய. அவை அக்கம்பக்கத்து அலையின் வடிவத்தைக் குலைக்கும். எங்கோ 110 கிலோவோல்ட் லைனில் பழுது விழுந்தால், ரிலே அதைப் பிரித்தெடுக்கும் பத்தில் ஒரு விநாடிக்குள் இங்கே பாதி வோல்ட்டேஜ் காணாமல் போகும். பக்கத்து 11 கிலோவோல்ட் ஃபீடரில் மரக்கிளை விழுந்தால் அதுவே அரை விநாடி, ஒரு விநாடி என்று நீளும். ஆக இந்த வட்டாரத்தில் "லோ வோல்டேஜ்" என்ற ஒரே பேச்சுவழக்கின் கீழ் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன: ஒரு விநாடிக்குள் முடியும் ஆழமான பள்ளம், சில விநாடிகள் நீடிக்கும் மோட்டார்த் தொடக்கம், மணிக்கணக்கில் நீடிக்கும் ஃபியூஸ் பழுது. இப்போது எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளத்தில் 115 வோல்ட், மோட்டார்த் தொடக்கத்தில் 150, ஃபியூஸ் பழுதில் 120. எந்த ஒற்றைக் கோட்டைப் போட்டாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. 160-ல் கோடு போட்டால் கம்ப்ரசர் எழும்போதெல்லாம் பி.எல்.சி. அணைந்து அச்சு வேலை பாழாகும். 100-ல் போட்டால் ஃபியூஸ் போன அன்று சப்ளை வெந்துபோகும். கடிகாரம் ஒன்றுதான் இவற்றை வேறுபடுத்தும்.

உலகம் இதை உணர்ந்தே தரங்களை எழுதியிருக்கிறது. செமிகண்டக்டர் கருவிகளுக்கான எஃப்47 தரம், 50 சதவீத வோல்ட்டேஜில் 0.2 விநாடி, 70 சதவீதத்தில் 0.5 விநாடி, 80 சதவீதத்தில் 1 விநாடி கருவி தடையின்றி ஓட வேண்டும் என்கிறது. கணினிகளுக்கான ஐ.டி.ஐ.சி. வளைவும் வோல்ட்டேஜை ஓர் அச்சிலும் நேரத்தை மறு அச்சிலும் வைத்து வரையப்பட்டதே. ஆனால் இவை "எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்" என்பதை மட்டுமே சொல்கின்றன. "எவ்வளவு நேரத்துக்குமேல் தாங்கக் கூடாது" என்ற மறுபாதியை வடிவமைப்பாளரிடம் விட்டுவிடுகின்றன. நம் ஊருக்கு அந்த மறுபாதிதான் முக்கியம். அதற்கு விடை வெப்பத்தில் இருக்கிறது. ட்ரான்சிஸ்டரின் அலுமினிய ஹீட்சிங்க் முழுச் சூட்டை எட்ட நிமிடங்கள் ஆகும். பத்து விநாடியில் அது அதிகம் ஏறாது. எனவே 85 வோல்ட் வரை ஓடக்கூடிய சப்ளைக்கு என் பரிந்துரை இது: 160 வோல்ட்டுக்குக் கீழே பத்து விநாடி தொடர்ந்தால் முன்னறிவிப்போடு ஒழுங்காக விலக வேண்டும், 85-க்குக் கீழே போனால் கெப்பாசிட்டரில் மிச்சமிருப்பதை வைத்துத் தாக்குப்பிடித்து, அது தீரும் முன் விலக வேண்டும். கம்ப்ரசர் எழுந்துவிடும், ரிலே பழுதைப் பிரித்துவிடும், ஃபியூஸ் பழுது மட்டும் வலையில் விழும்.

பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத, 230 வோல்ட்டுக்கென்றே செய்த பழைய வகைச் சப்ளைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் கெப்பாசிட்டரின் இருப்பே வோல்ட்டேஜோடு சேர்ந்து கரைகிறது. 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 325 வோல்ட்டிலிருந்து 200 வரை இறங்கும்போது 7.2 ஜூல் தரும். 273 வாட் சுமைக்கு 26 மில்லி விநாடி. வீதியில் 180 ஆகிவிட்டால் உச்சம் 255, இருப்பு 2.75 ஜூல், பத்தே மில்லி விநாடி. அதாவது 50 ஹெர்ட்ஸ் அலையின் ஓர் அரைச் சுழற்சி. சிற்றலையைக் கணக்கில் சேர்த்தால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. கட்டலாக்கில் 20 மில்லி விநாடி என்று போட்டிருப்பது 230-ல் அளந்தது என்பதை வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட சப்ளைக்குக் கோட்டை மேலே, 175 அளவில் போட்டு, அடிக்கடி அணைவதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை. பெரிய கெப்பாசிட்டர் போடலாமே என்றால், தொடக்கக் கரண்டும் பேனலில் இடமும் குறுக்கே வரும்.

விலகுவதைவிடத் திரும்பி வருவதற்குத்தான் கூடுதல் யோசனை வேண்டும் என்பேன். நீண்ட கம்பியின் முடிவில் ஒரு பட்டறையின் சுமை விலகினால் அந்த இடத்து வோல்ட்டேஜ் பத்து இருபது வோல்ட் ஏறும். அணையும் கோட்டுக்கும் எழும் கோட்டுக்கும் நடுவே இந்த ஏற்றத்தைவிடப் பெரிய இடைவெளி இல்லாவிட்டால் முன்பு சொன்ன விக்கல் தொடங்கும். 160-ல் அணைந்தால் 185-ல் எழட்டும். எழுவதும் உடனே வேண்டாம். கரண்ட் திரும்பும் முதல் சில விநாடிகள் எல்லா மோட்டாரும் ஒன்றாக எழும் நேரம். நியூட்ரல் அறுந்த பழுதென்றால், ஒரு ஃபேஸில் குறைந்த வோல்ட்டேஜ் தெரிந்த அடுத்த கணம் அதே கம்பியில் 300-க்கு மேல் வரவும் வாய்ப்புண்டு. பத்து முதல் முப்பது விநாடி வரை, சப்ளைக்குச் சப்ளை கொஞ்சம் மாறுபடும் தாமதம் நல்லது. 2024 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் கிழக்குக் கட்டமைப்பில் 230 கிலோவோல்ட் லைன் பழுது ஒன்று அடுத்தடுத்து வோல்ட்டேஜ் பள்ளங்களை உண்டாக்கியபோது, சுமார் 1,500 மெகாவாட் டேட்டா சென்டர் சுமை ஒரேயடியாக விலகியது. ஒரு நிமிடத்தில் மூன்று பள்ளம் கண்டால் விலகி நில், ஆள் வந்து சொன்னால்தான் திரும்பு என்று அவற்றின் யு.பி.எஸ். அமைப்புகளில் எழுதியிருந்தது. ஒவ்வொரு யு.பி.எஸ்.ஸும் தன் அளவில் சரியாகவே நடந்தது, கட்டமைப்புக்கோ அது பேரதிர்ச்சி. நேர் எதிர்ப் பாடம் டோக்கியோவில், 1987 ஜூலை 23 அன்று கிடைத்தது. கடும் வெயில் நாளில், உணவு இடைவேளை முடிந்து சுமை வேகமாக ஏறிய நேரத்தில், வோல்ட்டேஜ் குறைந்தும் கரண்டைக் குறைக்காத ஏர்கண்டிஷனர்கள் சரிவை வளர்த்து, நகரின் பல பகுதிகள் இருண்டன. அவசரமாக விலகினாலும் கேடு, பிடிவாதமாக நின்றாலும் கேடு. அம்பத்தூரில் டேட்டா சென்டர்கள் பெருகிவரும் இந்த ஆண்டுகளில் இரண்டையும் நம் வட்டாரக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சர்வோ ஸ்டெபிலைசர் போட்டுவிட்டால் போதாதா என்பது இங்கே வழக்கமாக எழும் மறுப்பு. மாலை நேரத்து 190 வோல்ட்டுக்கு அது நல்ல மருந்து, மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் சுழன்று பிரஷ் நகர்ந்து திருத்துவதற்குள் பத்தில் ஒரு விநாடிப் பள்ளம் வந்து போயிருக்கும்; பள்ளம் முடிந்த பிறகு, ஏற்றி வைத்த வோல்ட்டேஜ் கொஞ்ச நேரம் மிகையாக நிற்கவும் கூடும். ஃபியூஸ் பழுதின் 120 வோல்ட் பெரும்பாலான ஸ்டெபிலைசர்களின் எல்லைக்கே வெளியே. யு.பி.எஸ். இவ்வளவையும் தாங்கும், பேட்டரியின் விலையும் பராமரிப்பும் ஒவ்வொரு பேனலுக்கும் கட்டுப்படியாகாது. மின்வாரியம் ஒழுங்காக வோல்ட்டேஜ் தந்தால் இந்தப் பேச்சே எதற்கு என்ற கேள்வியில் நியாயம் அதிகம். 1956-ன் இந்திய மின்சார விதிகளில் 54-ஆம் விதியே தாழ்வழுத்த நுகர்வோருக்கு 6 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்று சொல்லியிருந்தது. கடைசிக் கம்பத்துக்கு அது கிடைக்க வேண்டும் என்று கேட்பது நுகர்வோரின் உரிமை, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று இந்தக் கரையில் ஏறியதுபோல் காற்று வீசும், மின்னல் விழும், ஃபியூஸ் போகும், போவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. பழுது நடக்கும் அந்தச் சில மணித்துளிகளில் விதிகள் சுற்றுக்குத் துணைவராது.

கடைசி மறுப்பு கவனமாகப் பதில் சொல்ல வேண்டியது: பாதுகாப்பு என்ற பெயரில் சப்ளை தானாக அணைந்தால் உற்பத்தி நிற்காதா? நிற்கும். ஆனால் 120 வோல்ட்டில் உற்பத்தி ஏற்கெனவே நின்றுவிட்டது. கான்டாக்டர்கள் தம் அளவின் 75 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையே எங்கேனும் விழலாம் என்றே தரம் அனுமதிக்கிறது. இஞ்செக்‌ஷன் மோல்டிங் மெஷினில் ஹைட்ராலிக் பம்ப்பின் கான்டாக்டர் விழுந்துவிட்டது, பி.எல்.சி.யோ 24 வோல்ட்டில் விழித்தபடி அழுத்தம் வரும் என்று காத்திருக்கிறது, ஹீட்டர் பாதிச் சூட்டில் இருக்கிறது, பேரலுக்குள் பிளாஸ்டிக் இறுகுகிறது. பாதி உயிரோடு நிற்கும் இந்த மெஷின்தான் ஆபத்தானது. ஃபியூஸ் கட்டி முழு வோல்ட்டேஜ் திரும்பும் நொடியில் எது முதலில் நகரும் என்று சொல்ல முடியாது. பிரவுன்அவுட் உணர்வுச் சுற்று பத்து விநாடிக் கெடுவைத் தொடங்கும்போதே பி.எல்.சி.யின் ஓர் இன்புட்டுக்குச் செய்தி அனுப்பினால், அச்சைத் திறந்து, வால்வை மூடி, எண்ணிக்கையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த நேரம் போதும். இந்த ஒரு கம்பியை இழுக்காத பேனல்களே அதிகம் என்பது வருத்தம்.

இனி உணர்வுக் கம்பியின் மறுமுனை. அலையின் உச்சத்தை அளப்பது எளிது, ஆனால் ஃபர்னஸ் பக்கத்தில் அது ஏமாற்றும்: உச்சி தட்டையான அலை, சராசரி சரியாக இருக்கும்போதே வோல்ட்டேஜ் குறைந்ததுபோல் காட்டும். இங்கே முழு அலையைப் பல சுழற்சிகளுக்குச் சராசரி எடுப்பதே சரி. எப்படியும் பத்து விநாடி காத்திருக்கப் போகிறோம், அந்தச் சில சுழற்சிகளின் தாமதம் பொருட்டல்ல. உடனடி விலகலுக்கு மட்டும் கெப்பாசிட்டரின் வோல்ட்டேஜையே நேராகப் பார்க்கலாம். உள்ளீட்டுக்கும் உணர்வு முனைக்கும் நடுவே மூன்று 1 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் வரிசையாக நிற்கும். ஒன்றே போட்டால் சிறு ரெசிஸ்டர் அந்த வோல்ட்டேஜைத் தாங்காது. ரோலிங் மில்லின் இரும்புத் தூளும் எண்ணூர், பழவேற்காட்டுக் கரையின் உப்பு ஈரமும் அந்த மூன்றின் மேல் படிந்து 30 மெகா ஓம் கசிவுப் பாதை ஒன்றை உண்டாக்கினால், உணர்வு முனையில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் கூடுதலாகத் தெரியும். 160-ல் அணைய வேண்டியது 145-ல் அணையும். பூச்சு வார்னிஷ் அடித்து, ரெசிஸ்டர்களுக்கு அடியில் போர்டில் பிளவு வெட்டினால் இது தீரும்.

சோதிப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு டிம்மர்ஸ்டாட், ஒரு மீட்டர், ஒரு கடிகாரம். 230-லிருந்து மெல்லக் குறைத்து அணையும் இடத்தையும், மெல்லக் கூட்டி எழும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஐந்து விநாடிக்கு 150-க்கு இறக்கி ஏற்ற வேண்டும், அணையக் கூடாது. அதன் பின் பேனல் கதவை மூடி, முழுச் சுமையோடு, 120-ல் விட்டுவிட வேண்டும். பத்தாவது விநாடியில் அணையாத சப்ளையை அந்த நிலையிலேயே இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, கதவைத் திறந்ததும் கெப்பாசிட்டரின் தலையில் தெர்மோகப்பிளை வைத்துப் பார்க்கலாம்.